மலத்தை வைத்து ஈரல் தழும்பைக் கண்டுபிடிக்கலாமா? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபது வருடங்களுக்கு மேல் ஆய்வுகூடத்தில் மற்றவர்களின் இரத்தத்தோடும் மலத்தோடும் காலம் கழித்தவள் நான். வைத்தியர் இல்லை. ஓய்வு பெற்ற பிறகும் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து "அக்கா, இதை ஒருக்கால் பாருங்கோ" என்று கேட்பது நிற்கவில்லை. அண்மையில் வட்சப்பில் ஒரு செய்தி சுற்றியது: குடலில் உள்ள பக்டீரியாவைப் பார்த்தே முற்றிய ஈரல் நோயைக் கண்டுபிடித்துவிடலாமாம், ஊசியும் வேண்டாமாம். அதற்குப் பிறகு கடற்கரையில் நடக்கும்போதும் சந்தையிலும் என்னை மறித்துக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

அந்தச் செய்தி உண்மையா?

உண்மைதான், ஆனால் புதிதல்ல. 2017இல் சான் டியாகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரோஹித் லூம்பாவும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த கதை அது. ஈரலில் கொழுப்பு படிந்த 86 பேரை எடுத்தார்கள். எல்லோருக்கும் பயொப்சி (ஊசியால் ஈரலில் ஒரு சிறு துண்டு எடுத்துப் பார்ப்பது) செய்து, தழும்பு எவ்வளவு என்று முன்பே தெரியும். 72 பேருக்குத் தழும்பு இல்லை, அல்லது லேசான, நடுத்தர அளவு. 14 பேருக்கு முற்றிய தழும்பு. மலத்தில் இருந்த பக்டீரியாக்களின் டி.என்.ஏயை வாசித்து, 37 இனங்களின் அளவை முக்கியமாக வைத்து, கணினி இந்த இரண்டு கூட்டத்தையும் பெரும்பாலும் சரியாகப் பிரித்துவிட்டது.

வட்சப்பில் வந்தபோது 14 என்ற எண் காணாமல் போய்விட்டது. எனக்கு அந்த எண்தான் முக்கியம். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

மலத்துக்கும் ஈரலுக்கும் என்ன சம்பந்தம்?

ஈரலுக்குப் போகும் இரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடலிலிருந்து நேரே வருகிறது. போர்ட்டல் நாளம் என்ற பெரிய குழாய் வழியாக, சாப்பாட்டிலிருந்து உறிஞ்சியவற்றில் பெரும்பாலானவை முதலில் ஈரலுக்குத்தான் போகும். சாப்பாடு மட்டும் போவதில்லை. குடலில் வாழும் பக்டீரியாக்கள் உண்டாக்கும் பொருட்களும், செத்த பக்டீரியாவின் சுவர்த் துண்டுகளும் அதே வழியில் போகின்றன. குடற்சுவர் நன்றாக இருந்தால் கொஞ்சம்தான் கசியும், ஈரல் சமாளித்துவிடும். சுவர் பலவீனமானால் கசிவு கூடும், ஈரலில் அழற்சி தொடங்கும்.

எதிர்ப்பக்கமும் ஒரு வழி இருக்கிறது. ஈரல் பித்தத்தைச் சுரந்து குடலுக்கு அனுப்புகிறது. பித்த உப்புக்கள் பல பக்டீரியாக்களை அடக்கி வைப்பவை. ஈரல் முற்றாகக் கெடும்போது பித்தம் குறையும், அடக்குவதற்கு ஆள் இருக்காது. அப்போது குடலில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்ற பட்டியலே மாறிவிடும். அந்தப் பட்டியலைத்தான் விஞ்ஞானிகள் வாசிக்கிறார்கள்.

கொழுப்பு ஈரல், தழும்பு, சிரோசிஸ் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. இந்தக் குழப்பம் தீர்ந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

கொழுப்பு படிவது முதல் படி. அதனோடு அழற்சி சேர்ந்தால் இரண்டாவது. அழற்சி ஆறும் இடத்தில் தழும்பு விழும், காயம் ஆறிய இடத்தில் தோல் தடித்துப்போவதைப் போல. இந்தத் தழும்பை எஃப் 0 முதல் எஃப் 4 வரை அளக்கிறார்கள். எஃப் 3, எஃப் 4 இரண்டையும் சேர்த்துத்தான் முற்றிய தழும்பு என்பது. எஃப் 4தான் சிரோசிஸ்: ஈரல் முடிச்சு முடிச்சாக இறுகிப்போன நிலை. கொழுப்பு ஈரல் உள்ள எல்லோரும் அங்கே போய்ச் சேர்வதில்லை. பெரும்பாலானவர்கள் போவதே இல்லை. போகிறவர்களுக்கும் பல வருடங்கள் எடுக்கும். அந்த வருடங்களில் நோவு இருக்காது, காய்ச்சல் இருக்காது, ஒன்றுமே தெரியாது. ஆபத்தே அதுதான்.

2023இல் இந்த நோயின் ஆங்கிலப் பெயரையும் மாற்றிவிட்டார்கள். குடிக்காதவர்களின் கொழுப்பு ஈரல் என்று இருந்ததை, உடலின் அனுசேபக் கோளாறோடு சேர்ந்த கொழுப்பு ஈரல் என்று ஆக்கினார்கள். ரிப்போர்ட்டில் இரண்டில் எது இருந்தாலும் குழம்ப வேண்டாம்.

ஸ்கேனில் "கிரேட் 1" என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் பயமில்லைதானே?

அந்த கிரேட், கொழுப்பு எவ்வளவு என்பதைச் சொல்கிறது. தழும்பு எவ்வளவு என்பதைச் சொல்லவில்லை. கிரேட் 3 போட்டவருக்குத் தழும்பே இல்லாமல் இருக்கலாம். கிரேட் 1 போட்டவருக்கு ஈரல் ஏற்கெனவே இறுகியிருக்கலாம், ஏனென்றால் தழும்பு முற்றும்போது கொழுப்பு கரைந்துபோவதும் உண்டு. "கிரேட் 2 இருந்தது, இப்ப கிரேட் 1 ஆகிட்டுது" என்று சந்தோசப்பட்டு கிளினிக்குக்குப் போவதை நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். வைத்தியரிடம் கேட்க வேண்டிய கேள்வி: "எனக்குத் தழும்பு எவ்வளவு?"

மலத்தில் என்னத்தைத் தேடுகிறார்கள்? எஸ்.எஃப்.ஆர் மாதிரியா?

எஸ்.எஃப்.ஆர் என்ற வழக்கமான மலப் பரிசோதனையில் நாங்கள் ஒரு சொட்டை கண்ணாடித் தகட்டில் வைத்து, நுணுக்குக்காட்டியில் பூச்சி முட்டை, அமீபா, இரத்தக் கலங்கள் இருக்கின்றனவா என்று பார்ப்போம். பக்டீரியாவை அதில் எண்ண முடியாது, அது கடற்கரை மணலை எண்ணுகிற வேலை. ஒரு சராசரி மனிதனின் உடம்பில் ஏறக்குறைய 38 லட்சம் கோடி பக்டீரியாக்கள் இருப்பதாக 2016இல் கணக்கிட்டார்கள். எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தால் 200 கிராம் அளவுதான்.

இந்தப் புதிய முறையில் மாதிரியை உறைய வைத்து, அதிலுள்ள டி.என்.ஏ முழுவதையும் பிரித்தெடுத்து, துண்டு துண்டாக வாசிக்கிறார்கள். எந்தத் துண்டு எந்த இனத்துக்குரியது என்று கணினி பொருத்தும். கடைசியில் ஒரு பட்டியல் வரும்: இந்த இனம் இவ்வளவு வீதம், அந்த இனம் இவ்வளவு வீதம். அதற்குப் பிறகு, பல சிறு தீர்மான மரங்கள் வாக்குப் போட்டு முடிவெடுப்பதுபோன்ற ஒரு கணினி முறை, இது முற்றிய தழும்பு உள்ளவரின் பட்டியல் மாதிரி இருக்கிறதா என்று சொல்லும்.

2017 ஆய்வில், தழும்பு முற்றியவர்களிடம் ஈ.கோலை உள்ளிட்ட புரோட்டியோபக்டீரியா கூட்டம் கூடியிருந்தது. ஈ.கோலை எல்லோர் குடலிலும் கொஞ்சம் இருப்பதுதான், அதனால் ஈ.கோலை இருக்கிறது என்று யாரும் பயப்பட வேண்டாம். தனி ஒரு இனத்தைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. முழுக் கூட்டத்தின் சாயலையும் பார்க்க வேண்டும்.

வாயில் உள்ள பக்டீரியாவும் ஈரலைக் காட்டிக்கொடுக்குமாமே?

ஆம். இந்த விசயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 2014இல் சீன ஆய்வாளர்கள் சிரோசிஸ் உள்ள 98 பேரையும், நோயில்லாத 83 பேரையும் ஒப்பிட்டார்கள். நோயாளிகளின் குடலில் கூடியிருந்த இனங்களில் பாதிக்கு மேற்பட்டவை, சாதாரணமாக வாயில் வாழ்பவை. எச்சிலோடு நாம் எல்லோரும் தினமும் கோடிக்கணக்கில் விழுங்குகிறோம்தான். ஆனால் நல்ல உடம்பில் வயிற்று அமிலமும் பித்தமும் அவற்றை வழியிலேயே முடித்துவிடும். சிரோசிஸ் வந்தவருக்குக் காவல் தளர்ந்துவிடுவதால் அவை குடலில் போய்க் குடியேறுகின்றன.

இவ்வளவு சரியாக இருந்தால் ஏன் இன்னும் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை?

அந்த 2017 ஆய்வில் வந்த எண் 0.936. இதை "94 வீதம் சரி" என்று எழுதிவிட்டார்கள். அது சரியான வாசிப்பு இல்லை. தழும்பு முற்றிய ஒருவரையும் முற்றாத ஒருவரையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால், 100 தடவைக்கு 94 தடவை அளவில் முற்றியவருக்கு இந்த முறை கூடுதல் புள்ளி கொடுக்கும். அவ்வளவுதான். நல்ல எண்தான். ஆனால் தழும்பு முற்றிய பக்கத்தில் இருந்தவர்கள் 14 பேர்! ஆய்வுகூடத்தில் ஒரு புதிய மெசினை 14 மாதிரியோடு நம்பி ரிப்போர்ட் கொடுக்க யாராவது துணிவார்களா?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. கொழுப்பு ஈரல் உள்ள 1000 பேரில் 50 பேருக்கு முற்றிய தழும்பு என்று வைத்துக்கொள்வோம். நோயுள்ளவரையும் இல்லாதவரையும் 90 வீதம் சரியாகச் சொல்லும் ஒரு சோதனையைச் செய்தால், 50 பேரில் 45 பேர் பிடிபடுவார்கள். ஆனால் நோயில்லாத 950 பேரில் 95 பேருக்கும் "இருக்கிறது" என்று வந்துவிடும். ஒருவரைச் சரியாகப் பிடிக்க இரண்டு பேரை வீணாகப் பயமுறுத்த வேண்டும். ஆகவே இப்படியான சோதனை முதல் சல்லடையாக உதவலாம், தீர்ப்புச் சொல்ல உதவாது. விலை இன்னொரு தடை. டி.என்.ஏ வாசிப்பின் செலவை ஒரு சாதாரண இரத்தச் சோதனையோடு ஒப்பிடவே முடியாது.

அது அமெரிக்கர்களின் குடல். சோறும் மீனும் சாப்பிடும் எங்களுக்குப் பொருந்துமா?

நியாயமான சந்தேகம். சிவப்பரிசிச் சோறும் பாரை மீன் குழம்பும் தேங்காய்ச் சம்பலும் சாப்பிடுகிறவரின் குடலில் அதே கூட்டம் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. 2020இல் அதே கலிபோர்னியக் குழு 163 பேரை வைத்து, சிரோசிஸைக் காட்டும் 19 இனங்களைப் பிரித்தெடுத்தது. அந்த அடையாளத்தை சீனாவிலும் இத்தாலியிலும் எடுத்த மாதிரிகளில் போட்டுப் பார்த்தார்கள். வயதையும், இரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதத்தின் அளவையும் சேர்த்தபோது அங்கேயும் வேலை செய்தது. சாப்பாடு வேறாக இருந்தாலும் கெட்டுப்போன ஈரல் எல்லா ஊர்க் குடலிலும் ஒரே மாதிரி அடையாளத்தை விடுகிறது என்பதற்கு இது நல்ல சாட்சி. எங்கள் நாட்டு மாதிரிகளிலும் செய்து பார்த்தால்தான் எனக்கு முழுத் திருப்தி வரும்.

நான் சீனி வருத்தத்துக்கும் கஸ்ட்ரிக்குக்கும் குளிசை போடுகிறேன். அது இந்தச் சோதனையைக் குழப்புமா?

குழப்பும். மெட்ஃபோமின் குடல் பக்டீரியாவை மாற்றும், ஈ.கோலை வகையைக் கூட்டும் என்று காட்டியிருக்கிறார்கள். ஓமப்ரசோல் போன்ற கஸ்ட்ரிக் குளிசைகள் வயிற்று அமிலத்தைக் குறைப்பதால், வாய்ப் பக்டீரியாக்கள் குடலுக்கு இறங்கிவிடும். இரண்டுமே மேலே சொன்ன ஈரல் நோய் அடையாளங்களைப் போலத் தோன்றக்கூடியவை. இவ்வளவு பேர் இந்த இரண்டு குளிசையையும் ஒன்றாகப் போடும் ஊரில் இது சின்ன விசயமில்லை. அன்டிபயோட்டிக் எடுத்தவர் என்றால் கேட்கவே வேண்டாம்.

இதைப் படித்துவிட்டுக் குளிசையை நிறுத்தாதீர்கள். சோதனையைப் பற்றித்தான் சொல்கிறேன்.

திருகோணமலையில் இதைச் செய்யலாமா?

இல்லை. கொழும்புக்குப் போனாலும் ஈரல் கிளினிக்கில் வழக்கமாகச் செய்யும் சோதனை இது இல்லை. இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது.

இணையத்தில் "குடல் பக்டீரியா கிட்" விற்கிறார்களே?

அவை ஈரல் தழும்பைச் சொல்வதற்காகச் செய்யப்பட்டவை இல்லை. அந்தக் காசுக்கு இரத்தச் சோதனை செய்து, மிச்சத்துக்கு மரக்கறி வாங்கலாம்.

அப்படியானால் இப்போது என்ன வழி?

உங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கும் பழைய ரிப்போர்ட்டே போதும். வட்சப் செய்திக்கு நன்றி சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது என்றால், இதைச் சொல்ல ஒரு சாட்டு கிடைத்ததுதான்.

ஃபிப்-4 என்று ஒரு கணக்கு இருக்கிறது. 2006இல் எச்.ஐ.வியும் ஹெபடைடிஸ் சியும் சேர்ந்திருந்த நோயாளிகளுக்காகக் கண்டுபிடித்தது, இன்று உலகம் முழுவதும் கொழுப்பு ஈரலுக்கும் பயன்படுகிறது. நான்கு எண்கள் வேண்டும்: வயது, ஏ.எஸ்.டி (எஸ்.ஜி.ஓ.டி என்றும் போட்டிருக்கும்), ஏ.எல்.டி (எஸ்.ஜி.பி.டி; இந்த இரண்டும் ஈரல் நொதிகள்), பிளேட்லெட்.

வயதை ஏ.எஸ்.டியால் பெருக்குங்கள். பிளேட்லெட்டை ஆயிரங்களில் எடுத்து (180,000 என்றால் 180), அதை ஏ.எல்.டியின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதலாவதை இரண்டாவதால் பிரியுங்கள். ஒரு உதாரணம்: வயது 52, ஏ.எஸ்.டி 48, ஏ.எல்.டி 55, பிளேட்லெட் 180. மேலே 2496. கீழே 180 தர 7.42, அதாவது ஏறக்குறைய 1335. விடை 1.87.

1.3க்குக் கீழே என்றால் முற்றிய தழும்பு இருக்கும் வாய்ப்பு குறைவு. 65 வயது தாண்டியவர்களுக்கு அந்த எல்லையை 2 என்று எடுப்பார்கள். 2.67க்கு மேலே என்றால் கட்டாயம் மேற்கொண்டு பார்க்க வேண்டும். எங்கள் உதாரணத்து 1.87 நடுவில் நிற்கிறது, அவருக்கும் அடுத்த சோதனை தேவை. கவனித்தீர்களா, அவருடைய ஏ.எஸ்.டியும் ஏ.எல்.டியும் பெரிதாக ஏறவில்லை. "கொஞ்சம்தான் கூட" என்று ரிப்போர்ட்டை மடித்து வைத்திருப்பார்.

முக்கியமான ஒன்று: டெங்கு வந்த நேரம் எடுத்த ரிப்போர்ட்டில் இந்தக் கணக்கைப் போடாதீர்கள். டெங்கு பிளேட்லெட்டை இறக்கும், ஏ.எஸ்.டியை ஏற்றும், விடை பயங்கரமாக வரும். ஒரு தம்பி இப்படிக் கணக்குப் போட்டுவிட்டு இரவு பத்து மணிக்கு எனக்குப் போன் எடுத்தார். வருத்தம் மாறி, உடம்பு தேறிய பிறகு எடுத்த ரிப்போர்ட்தான் வேண்டும்.

அடுத்த சோதனை என்றால் எது?

பெரும்பாலும் ஃபைப்ரோஸ்கேன். ஈரலின் மேல் ஒரு கருவியை வைத்து மெல்லத் தட்டி, அந்த அதிர்வு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளப்பார்கள். இறுகிய ஈரலில் வேகமாக ஓடும். மாம்பழத்தை அமத்திப் பார்த்துக் காயா பழமா என்று சொல்வது போலத்தான். விடை கிலோபாஸ்கலில் வரும். 8க்குக் கீழே என்றால் முற்றிய தழும்பைப் பெரும்பாலும் தள்ளிவிடலாம். சில மணி நேரம் சாப்பிடாமல் போக வேண்டும். நோவு இல்லை. கொழும்பு போன்ற பெரிய இடங்களில் செய்கிறார்கள். உங்கள் கிளினிக்கில் கேட்டால் எங்கே அனுப்புவது என்று சொல்வார்கள்.

பயொப்சி?

சிலருக்கு மட்டும். ஊசியால் எடுக்கும் துண்டு முழு ஈரலில் ஏறக்குறைய 50,000இல் ஒரு பங்கு. அந்த இடத்தில் தழும்பு குறைவாக இருந்தால் தவறவும் விடலாம். இரத்தம் கசியும் ஆபத்தும் கொஞ்சம் உண்டு. மலச் சோதனையைத் தேடி ஓடுவதற்குக் காரணமே இதுதான்.

நான் சாராயத்தைத் தொட்டதே இல்லை. எனக்கு எப்படி ஈரல் வருத்தம்?

இந்தக் கேள்வியைக் கேட்கும் அம்மாமார் பாதிப் பேர் அழுதுகொண்டே கேட்பார்கள், ஊர் என்ன நினைக்குமோ என்று. 2007இல் கொழும்புக்கு அருகே உள்ள றாகமையில் 35 முதல் 64 வயது வரையான 2985 பேரைப் பரிசோதித்தார்கள். 32.6 வீதமானவர்களுக்கு, குடியோடு சம்பந்தமில்லாத கொழுப்பு ஈரல் இருந்தது. மூன்றில் ஒருவர். காரணம் வயிற்றைச் சுற்றிய பருமன், சீனி வருத்தம், இரத்தக் கொழுப்பு, நடமாட்டம் குறைந்தது. குடிக்கிறவர்களுக்கு இதற்கு மேலே இன்னொரு அடி விழும். அதில் சாராயம், கள்ளு, கசிப்பு என்ற பேதம் ஈரலுக்குத் தெரியாது.

தம்பலகாமத்து எருமைத் தயிர் சாப்பிட்டால் நல்ல பக்டீரியா கூடித் தழும்பு மாறுமா?

தயிர் நல்ல சாப்பாடுதான். தழும்பை மாற்றும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. அதன்மேல் கித்துள் பாணியை அரை டம்ளர் ஊற்றினால் ஈரலுக்கு வேலை கூடுகிறது.

கீழ்க்காய் நெல்லி குடிக்கலாமா?

செங்கமாரிக்கு எங்கள் பாட்டிமார் கொடுத்தது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவத்தைப் பட்டப்படிப்பாகவே படிக்கிறார்கள், அதைக் குறைத்துப் பேச நான் ஆளில்லை. ஆனால் தழும்பு முற்றிய ஈரலுக்கு எந்த மூலிகையும் தன்பாட்டில் எடுக்கக் கூடாது. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கு என்று சீந்தில் குடித்தவர்களில் சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டதை மும்பை வைத்தியர்கள் 2021இல் எழுதினார்கள். என்ன குடித்தாலும் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள்.

உண்மையில் எது தழும்பைக் குறைக்கும்?

நிறை குறைவதுதான். 7 முதல் 10 வீதம் குறைந்தால் அழற்சி தணிகிறது. 10 வீதம் அளவில் போனவர்களில் பலருக்குத் தழும்பும் பின்வாங்கியிருக்கிறது. 80 கிலோ உள்ளவருக்கு அது 8 கிலோ. ஒரு மாதத்தில் பட்டினி கிடந்து குறைப்பதில்லை, ஒரு வருடத்தில் குறைப்பது. இரவுப் புட்டில் ஒரு பிடி குறைத்து, சோடாவை விட்டு, பின்னேரம் வேகமாக நடந்தால் ஆகும். கோப்பி குடிப்பவர்களுக்குத் தழும்பு குறைவாக இருப்பதாகவும் பல ஆய்வுகள் சொல்கின்றன, சீனி போடாமல். மருந்தென்று பார்த்தால் ரெஸ்மெட்டிரொம் என்ற குளிசையை 2024 மார்ச்சில் அமெரிக்கா அங்கீகரித்தது. அது எஃப் 2, எஃப் 3 நிலைக்காரருக்கு.

அப்பாவுக்கு சிரோசிஸ் என்று சொல்லிவிட்டார்கள். கடற்கரை ஊரில் இருக்கிறோம், ஏதாவது கவனம்?

இரண்டு. வயிற்றில் நீர் கட்டியிருந்தால் உப்புத்தான் எதிரி. கருவாடு, ஊறுகாய், மாசிச் சம்பல் எல்லாம் மேசையிலிருந்து போக வேண்டும். மனிதர் கோபிப்பார், சமாளியுங்கள்.

இரண்டாவது பலருக்குத் தெரியாது. வெதுவெதுப்பான கடல்நீரில் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற பக்டீரியா வாழ்கிறது. நல்ல ஈரல் உள்ளவரை அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. சிரோசிஸ் உள்ளவரின் இரத்தத்தில் ஏறினால் ஓரிரு நாளில் உயிரைக் குடிக்கக்கூடியது. மட்டி, சிப்பி எதையும் அரைவேக்காட்டில் கொடுக்காதீர்கள். காலில் புண்ணோடு கடலில் இறங்க விடாதீர்கள்.

இரத்த வாந்தி, தார் மாதிரிக் கறுத்த மலம், ஆள் குழம்பிப் பேசுவது, பகலில் தூக்கம் இரவில் விழிப்பு: இவற்றில் எதைக் கண்டாலும் விடியும்வரை காத்திருக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

அம்மாவுக்குக் கொழுப்பு ஈரலால் சிரோசிஸ். பிள்ளைகள் நாங்களும் பார்க்க வேண்டுமா?

பார்க்க வேண்டும். லூம்பாவின் அதே குழு 2017இல் இப்படியான குடும்பங்களைப் பரிசோதித்தது. நோயாளியின் பெற்றோர், சகோதரர், பிள்ளைகளுக்கு முற்றிய தழும்பு இருக்கும் ஆபத்து மற்றவர்களைவிட 12 மடங்கு கூடுதலாக இருந்தது. மரபணு பாதி, ஒரே சட்டியில் சாப்பிடுவது மீதி என்று நான் நினைக்கிறேன்.

ஃபிப்-4 கணக்கு 35 வயதுக்குக் கீழே நம்பகமானதில்லை. வயதே கணக்கில் பெருக்கப்படுவதால் இளம் ஆட்களுக்கு எப்போதும் சின்ன எண்தான் வரும். 29 வயது மகளுக்கு 0.6 வந்தது என்று விட்டுவிடாதீர்கள். அம்மாவின் கிளினிக் கொப்பியையும் கையில் கொடுத்து அனுப்புங்கள், அதைப் பார்த்தால் வைத்தியரே ஃபைப்ரோஸ்கேனுக்கு எழுதுவாரா இல்லையா என்று முடிவெடுப்பார்.